டின் பீன்ஸ் வாங்குவது முதல் மிச்சம் வைப்பது வரை: முதல் முறை வாங்குபவர்களுக்கு

தனியாகச் சமைக்கத் தொடங்கிய புதிதில், பயறு ஊறவைக்க மறந்துபோகும் நாட்களுக்கு ஆகும் என்று பன்னிரண்டு டின் பீன்ஸ் வாங்கி வந்து அலமாரியில் அடுக்கினேன். அன்றிரவே ஒன்றைத் திறக்கலாம் என்று பார்த்தால் வீட்டில் டின் ஓப்பனர் இல்லை. கத்தியால் குத்தித் திறக்கப் போய் விரலைக் கிழித்துக்கொண்டேன். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தால், தக்காளிச் சாஸில் மிதக்கும் தித்திப்பான பீன்ஸ். நான் நினைத்து வாங்கியது வெறுமனே வேகவைத்த பயறு. மீதிப் பதினொன்றும் அதே ரகம்தான்.

அதோடு விடவில்லை. அடுத்த சில மாதங்களில் வாயில் வைக்க முடியாத உப்பு, குக்கரில் போட்டுக் கூழானது, திறந்த டின்னை அப்படியே ஃபிரிட்ஜில் தள்ளி வீணாக்கியது என்று எல்லாவற்றையும் செய்து முடித்தேன். இத்தனைக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் சின்னதுதான். டின்னில் இருப்பது வெந்த பயறு. அது காய்ந்த பயறும் இல்லை, தயாரான சாப்பாடும் இல்லை. அப்படி நினைத்துக் கையாண்டால் பாதித் தவறுகள் நடக்காது. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

1. பெயரைப் பார்த்து வாங்குங்கள், படத்தைப் பார்த்து வேண்டாம்

தமிழில் பீன்ஸ் என்றால் நம் மனதில் வருவது பச்சைக் காய். டின் விஷயத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் பயறு வகைகளைக் குறிக்கும். 'கிரீன் பீன்ஸ்' என்று எழுதியிருந்தால் மட்டும் அது காய். அதில் புரதம் 100 கிராமுக்கு ஒன்றிரண்டு கிராமுக்குமேல் தேறாது. புரதத்துக்காக வாங்குகிறவர்கள் அதை எடுத்துவிட்டு ஏமாற வேண்டாம்.

ஒரே பயறுக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருப்பது அடுத்த குழப்பம். 'சிக்பீ' என்றாலும் 'கார்பன்சோ' என்றாலும் கொண்டைக்கடலைதான். 'கிட்னி பீன்ஸ்' என்பது ராஜ்மா. 'நேவி' என்பதும் 'ஹாரிகாட்' என்பதும் சின்ன வெள்ளை பீன்ஸ். 'கனெல்லினி' அதைவிடப் பெரியது, மாவுபோல மென்மையாக இருக்கும். 'பட்டர் பீன்ஸ்' என்பதும் 'லைமா' என்பதும் ஒரே குடும்பம்.

இதைவிட முக்கியம், பயறு எதில் ஊறிக் கிடக்கிறது என்பது. தண்ணீரிலோ உப்புத் தண்ணீரிலோ இருந்தால் அது வெறும் பயறு, எதற்கும் பயன்படும். 'பேக்டு பீன்ஸ்' என்றால் சாஸில் கிடப்பது. அந்தச் சாஸில் சர்க்கரை இருக்கும், சில தயாரிப்புகளில் பன்றி இறைச்சியும் இருக்கும். 'ரீஃப்ரைடு பீன்ஸ்' என்பது மசித்தது. அதைப் பன்றிக் கொழுப்பில் செய்வதும் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் பயறுதானே என்று நம்பி எடுத்துவிடாமல், உட்பொருள் பட்டியலை ஒருமுறை கடைசி வரை படித்துவிடுங்கள்.

முதல் தடவை வாங்குகிறவர் கொண்டைக்கடலையிலிருந்து தொடங்கலாம். கொஞ்சம் கூடுதலாகக் கிளறினாலும் சூடாக்கினாலும் உடையாது. கருப்பு பீன்ஸும் ஓரளவு தாங்கும். கனெல்லினியும் பட்டர் பீன்ஸும் கரண்டி பட்டாலே பிளந்துவிடும், அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2. லேபிளில் நான்கு இடங்களைப் படியுங்கள்

இந்த வேலையில் உங்கள் கைக்கு வரும் ஒரே ஆவணம் லேபிள்தான். முழுவதையும் படிக்கத் தேவையில்லை. நான்கு இடங்கள் போதும்.

முதலாவது, வடிகட்டிய எடை. டின்னின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருப்பது பயறும் தண்ணீரும் சேர்ந்த எடை. 400 கிராம் டின்னை வடிகட்டினால் கையில் நிற்பது சுமார் 240 கிராம். மீதி 160 கிராம் தண்ணீர். வடிகட்டிய எடையைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தால் அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். டின்கள் வெளியே ஒரே அளவாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் பயறு இருபது முப்பது கிராம் கூடும், குறையும்.

இரண்டாவது, உப்பு. உப்புத் தண்ணீரில் அடைத்த பயறில் 100 கிராமுக்கு 200 முதல் 300 மி.கி. வரை சோடியம் இருப்பது சாதாரணம். ஒரு டின் பயறை ஒருவரே சாப்பிட்டால் 500 முதல் 700 மி.கி. ஆகிவிடும். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாள் முழுக்கச் சேர்த்தே 2000 மி.கி.க்குக் கீழ். சில லேபிள்களில் சோடியம் என்று போடாமல் உப்பு என்று கிராமில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை 2.5-ஆல் வகுத்தால் சோடியம். ஒரு கிராம் உப்பு என்றால் 400 மி.கி. சோடியம்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. 'உப்பு குறைக்கப்பட்டது' என்பது வேறு, 'உப்பு சேர்க்கப்படவில்லை' என்பது வேறு. முன்னது அந்த நிறுவனத்தின் வழக்கமான டின்னைவிடக் கொஞ்சம் குறைவு என்றுதான் சொல்கிறது. வழக்கமான டின்னே உப்பாக இருந்தால், குறைத்த பிறகும் உப்பாகத்தான் இருக்கும். இரண்டும் ஒரே விலை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு உப்பு சேர்க்காததை எடுப்பேன். வேண்டிய உப்பை அடுப்பில் சேர்த்துக்கொள்ளலாம், இருக்கிற உப்பை முழுதாக வெளியே எடுக்க முடியாது.

மூன்றாவது, உட்பொருள் பட்டியல். நல்ல டின்னில் இது ஒரே வரிதான்: பயறு, தண்ணீர், உப்பு. கூடவே கால்சியம் குளோரைடு இருந்தால் பயப்பட வேண்டாம், பயறு குழையாமல் இருக்கச் சேர்ப்பது. நிறம் மங்காமலிருக்க இ.டி.டி.ஏ. என்று ஒன்றைச் சேர்ப்பதும் உண்டு. கெடாமல் இருக்க மருந்து போடுகிறார்களோ என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. அதற்குத் தேவையே இல்லை. பயறை டின்னில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேகவைத்துவிடுகிறார்கள். கெடுக்கக்கூடிய கிருமி உள்ளே உயிரோடு இருப்பதில்லை, வெளியிலிருந்து புதிதாக ஒன்று நுழையவும் வழியில்லை. டின் வருடக்கணக்கில் தாங்கும் ரகசியம் இதுதான்.

நான்காவது, தேதி. பயறு டின்னில் பெரும்பாலும் 'இதற்கு முன் பயன்படுத்தினால் சிறப்பு' என்ற வகைத் தேதிதான் இருக்கும். அது ருசியையும் பதத்தையும் பற்றியது. தேதி தாண்டி ஒரு மாதம் ஆனதற்காக நல்ல டின்னைக் குப்பையில் போட வேண்டாம். அதற்காகத் தேதி நெருங்கிய டின்களை மலிவாகக் கிடைக்கிறதே என்று மூட்டையாகக் கட்டிக்கொண்டு வரவும் வேண்டாம். நாள் ஆக ஆகப் பயறு மெத்தென்று ஆகிவிடும்.

3. விலையைப் பயறுக்குக் கணக்குப் போடுங்கள், தண்ணீருக்கு வேண்டாம்

கணக்கு சுலபம். டின் விலையை வடிகட்டிய எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அதுதான் 100 கிராம் பயறின் உண்மையான விலை. பெரிய எழுத்தில் தள்ளுபடி போட்டிருந்த டின் இந்தக் கணக்கில் தோற்றுப்போனதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

காய்ந்த பயறோடு ஒப்பிட ஒரு குறுக்குவழி உண்டு. 100 கிராம் காய்ந்த பயறு வெந்ததும் ஏறக்குறைய 240 கிராம் ஆகும், அதாவது ஒரு டின் பயறு. அப்படியென்றால் ஒரு கிலோ காய்ந்த பயறு பத்து டின்னுக்குச் சமம். கிலோ விலையைப் பத்தால் வகுத்து ஒரு டின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அநேகமாகக் காய்ந்த பயறுதான் மலிவாக வரும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. டின்னில் நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு எட்டு மணிநேர ஊறலுக்கும், ஒரு மணிநேர அடுப்புக்கும், அதற்கான எரிபொருளுக்கும்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். வாரக் கடைசியில் நேரம் இருந்தால் காய்ந்த பயறு. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் நாட்களுக்கு டின். டின் இல்லாத காலத்தில் அந்த எட்டு மணிக்கு நான் வெளியே சாப்பாடு வாங்கினேன். ஆகவே என் கணக்கில் டின்னுக்கு எதிரே நிற்கும் விலை வெளிச் சாப்பாட்டின் விலைதான், காய்ந்த பயறின் விலை இல்லை.

4. டின்னின் உடம்பைத் தடவிப் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரத்தில்கூடத் தாண்டாதீர்கள்.

கையில் எடுத்ததும் மேல்மூடியையும் அடிமூடியையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். இரண்டும் தட்டையாகவோ லேசாக உள்வாங்கியோ இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, அழுத்தினால் டொக்கென்று உள்ளே போய்த் திரும்ப வெளியே வந்தாலோ அது வேண்டாம். உள்ளே கிருமி வளர்ந்து வாயு உண்டாக்கியிருக்கலாம்.

பக்கவாட்டில் சின்ன நெளிவு பரவாயில்லை. விரல் படியும் அளவுக்கு ஆழமான பள்ளமோ, கூர்மையான மடிப்போ இருந்தால் விட்டுவிடுங்கள். மூடியும் உடலும் சேரும் விளிம்பிலும், நீளவாக்கில் ஓடும் பற்றவைப்புக் கோட்டிலும் சின்ன நெளிவுகூட ஆகாது. காற்றுப் புகாமல் காப்பதே அந்த இணைப்புதான். துடைத்தால் போகும் துரு பிரச்சினை இல்லை. சுரண்டினால் பொடிந்து விழும் துரு என்றால், கண்ணுக்குத் தெரியாத ஓட்டை அங்கே இருக்கக்கூடும்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் போட்டுலிசம் என்ற நச்சு நோய். காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில் வளரும் ஒரு கிருமி அந்த நச்சை உண்டாக்குகிறது. பயறு டின் அதற்கு ஏற்ற இடம். தொழிற்சாலை டின்களில் இது மிக அரிது, ஆனால் வந்தால் நரம்புகளைத் தாக்கி மூச்சையே நிறுத்திவிடும். நச்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. ஆகையால் 'நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்' என்ற யோசனையே வேண்டாம்.

ஒருமுறை நான் சரியாகப் பார்க்காமல் வாங்கிய டின் ஒன்றில் ஓப்பனரை அழுத்தியதும் உள்ளிருந்த நீர் கை நீளத்துக்குச் சீறிச் சுவரில் அடித்தது. கூடவே ஒரு புளித்த வாடை. அப்படி ஆனால் அதோடு நிறுத்துங்கள். டின்னை உறையில் போட்டு இறுகக் கட்டிக் குப்பையில் சேர்த்து, நீர் பட்ட இடங்களையும் ஓப்பனரையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாதாரணமாகத் திறக்கும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அது வேறு. வெளிக்காற்று உள்ளே இழுபடும் சத்தம் அது. நல்ல அறிகுறிதான்.

5. எங்கே வைப்பது, எத்தனை வைப்பது

உலர்ந்த, வெயில் படாத, சூடில்லாத இடம். 24 டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது. அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரி கைக்கு எட்டும், ஆனால் டின்னுக்கு அதுதான் மோசமான இடம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வைத்தால் துருப்பிடிக்கும்.

இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு ஆறு முதல் எட்டு டின் போதும். புதிதாக வாங்கியதைப் பின்வரிசையில் வையுங்கள், பழையதை முன்னால் இழுங்கள். தேதியை மார்க்கரால் மூடிமேல் பெரிதாக எழுதிவிட்டால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை.

6. திறப்பது

ஓப்பனரை முதலில் வாங்குங்கள், டின்னைப் பிறகு வாங்கலாம். இழுத்துத் திறக்கும் வளையம் வைத்த டின்களும் உண்டு, ஆனால் அந்த வளையம் பாதியில் கையோடு வந்துவிடும் நாளும் உண்டு. அன்றைக்கும் ஓப்பனர்தான் துணை.

திறப்பதற்கு முன் மூடியை ஈரத்துணியால் துடையுங்கள். எத்தனை கை மாறி, எத்தனை கிடங்கில் தூசி படிந்து வந்ததோ. திறந்ததும் மூடி உள்ளே விழுந்தால் விரலை விட்டு எடுக்காதீர்கள். அதன் விளிம்பு பிளேடு மாதிரி. ஸ்பூன் முனையால் நெம்பி எடுங்கள்.

பயறு அடியில் இறுகிக்கொண்டு வர மறுக்கும் டின்கள் உண்டு. திறப்பதற்கு ஒரு மணிநேரம் முன்னால் டின்னைத் தலைகீழாக நிறுத்திவிட்டு, பிறகு நிமிர்த்தித் திறந்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

இன்னொன்று. மூடிய டின்னை அடுப்பில் சூடாக்காதீர்கள், வெடிக்கும். திறந்த டின்னையும் நேரடியாக நெருப்பில் காட்ட வேண்டாம், உட்பூச்சு கருகி உணவில் சேரும். மைக்ரோவேவில் டின் கூடவே கூடாது.

7. வடிகட்டி அலசுங்கள்

நான் ஆரம்பத்தில் சோம்பலில் விட்ட படி இது. டின் தண்ணீரோடு அப்படியே சட்டியில் கவிழ்ப்பேன், மேலே வழக்கம்போல உப்பும் போடுவேன். பயறுக்கு ருசியே இல்லை, வெறும் உப்பு, கூடவே ஒரு தகர வாடை என்று டின்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டியிருக்க வேண்டியது என்னைத்தான்.

சல்லடையில் கொட்டுங்கள். குழகுழவென்று நீர் இறங்கும். அது பயறிலிருந்து கரைந்த மாவுச்சத்தும் புரதமும் உப்பும் சேர்ந்த நீர். குழாயைத் திறந்து கையால் மெல்லப் புரட்டினால் சோப்புப் போட்ட மாதிரி நுரை வரும். பயப்பட வேண்டாம், பயறில் இயல்பாக இருக்கும் பொருட்களின் நுரைதான் அது. நுரை அடங்கித் தண்ணீர் தெளிந்து இறங்கும் வரை அலசி, இரண்டு நிமிடம் வடிய விடுங்கள். வடித்து அலசியதில் சோடியம் சுமார் 40 சதவீதம் குறைந்துவிடும். வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளிலும் ஒரு பகுதி இந்த நீரோடு போய்விடும். தண்ணீரில் கரையும் வைட்டமின் கொஞ்சம் போகத்தான் செய்யும், அது பெரிய நட்டமில்லை.

ஒரே விதிவிலக்கு, உப்பு சேர்க்காத டின். அந்த நீரைச் சூப்பில் ஊற்றினால் நன்றாகக் கெட்டிப்படும். உப்பில்லாத கொண்டைக்கடலை நீர் இன்னும் ஒருபடி மேல். முட்டை சேர்க்காமல் கேக் செய்கிறவர்கள் ஒரு முட்டைக்குப் பதில் மூன்று டேபிள்ஸ்பூன் அந்த நீரைச் சேர்க்கிறார்கள். முட்டை வெள்ளைபோல அடித்தால் பொங்கி வெள்ளை நுரையாக நிற்கும். கையால் அடித்துப் பார்த்துத் தோள் வலி வாங்கியவன் சொல்கிறேன், மின்சார பீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள்.

8. சமைக்க வேண்டியது மசாலாவை, பயறை இல்லை

டின் பயறைக் குக்கரில் வைக்காதீர்கள். ஏற்கெனவே அழுத்தத்தில் வெந்ததுதான் அது. நான் பழக்கதோஷத்தில் மூன்று விசில் விட்டேன், திறந்தபோது பயறுத் தோலும் கூழும்தான் இருந்தன.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெங்காயம், பூண்டு, தக்காளி, மசாலா எல்லாவற்றையும் முழுதாக வதக்கி, நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, ருசி சரியாக வந்த பிறகு பயறைச் சேருங்கள். அதற்கப்புறம் சிறுதீயில் பத்துப் பதினைந்து நிமிடம். இந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் பயறுக்குள் காரமும் புளிப்பும் இறங்கும். இரண்டு நிமிடத்தில் இறக்கினால் குழம்பு ஒரு பக்கம், பயறு ஒரு பக்கம் என்று நிற்கும். கரண்டியால் நாலில் ஒரு பங்கு பயறைச் சட்டியின் ஓரத்தில் வைத்து நசுக்கிவிடுங்கள், தனியாக எதுவும் சேர்க்காமலே கெட்டியாகிவிடும். உப்பைக் கடைசியில், ருசி பார்த்து.

காய்ந்த பயறில் இல்லாத ஒரு வசதியும் டின்னில் உண்டு. காய்ந்த பயறு வேகும்போது தக்காளியோ புளியோ சேர்த்தால் வேகாமல் விறைத்துக்கொள்ளும். டின் பயறு ஏற்கெனவே வெந்துவிட்டதால் புளிப்பை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். உண்மையில் சேர்ப்பதே நல்லது. பயறில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது, எலுமிச்சையிலும் தக்காளியிலும் இருக்கும் வைட்டமின் சி அதற்குக் கைகொடுக்கும். சாப்பிட்டதும் டீ குடிப்பது அதற்கு நேர் எதிர் வேலை செய்யும்.

அடுப்பே பற்றவைக்க மனமில்லாத நாளில், அலசிய பயறோடு நறுக்கிய வெங்காயம், வெள்ளரி, எலுமிச்சைச் சாறு, எண்ணெய், மிளகுத்தூள். அப்படியே சாப்பிடலாம். அரைமணி நேரம் ஊறவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் கொண்டைக்கடலையைத் துணியில் போட்டு ஈரமே இல்லாமல் ஒற்றி எடுத்து, எண்ணெயில் புரட்டி 200 டிகிரி ஓவனில் அரைமணி நேரம். ஈரம் மிஞ்சினால் மொறுமொறுப்பு வராது, ரப்பர்தான் வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, டின்னில் பழகியவர்களுக்கு. ராஜ்மா டின்னைத் திறந்து அப்படியே சாப்பிடலாம். காய்ந்த ராஜ்மாவை அதே தைரியத்தில் அரைவேக்காட்டில் சாப்பிட்டுவிடாதீர்கள். வேகாத ராஜ்மாவில் லெக்டின் என்ற ஒருவகை நச்சுப் புரதம் இருக்கிறது, நாலைந்து விதை போதும், சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொள்ளும். மெல்லச் சூடேறும் ஸ்லோ குக்கரில் அது முழுதாக அழியாமல் போகக்கூடும். காய்ந்ததை குறைந்தது ஐந்து மணிநேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

9. மிச்சத்தை டின்னிலேயே வைக்காதீர்கள்

திறந்த டின்னுக்குள் காற்றும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் உலோகம் அரிக்கத் தொடங்கும், பயறில் தகரச் சுவை ஏறும். கண்ணாடிப் பாத்திரத்துக்கோ மூடியுள்ள டப்பாவுக்கோ மாற்றி உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள். அதற்குமேல் வழவழப்பாகும், புளித்த வாடை வரும். சமைத்ததற்கும் இதே கெடுதான். சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்குமேல் விடாதீர்கள்.

நான்கு நாளில் தீராது என்று தெரிந்தால் அன்றைக்கே ஃபிரீசர். அலசி, வடித்து, துணியில் ஈரம் ஒற்றி, தட்டில் பரப்பி உறையவைத்து, அப்புறம் பையில் கொட்டினால் கட்டியாக ஒட்டாது. வேண்டும்போது ஒரு கை அள்ளிப் போடலாம். இரண்டு மாதம் நன்றாக இருக்கும். தோல் கொஞ்சம் வெடிக்கும், சூப்புக்கும் மசியலுக்கும் அதனால் குறையில்லை.

டின்னின் உள்பக்கம் ஊதாவோ கருப்போ படிந்திருப்பதைப் பார்த்து நான் ஒரு முழு டின்னைக் கொட்டியிருக்கிறேன். பயறுப் புரதத்தில் இருக்கும் கந்தகம் உலோகத்தோடு சேர்ந்து விட்ட கறை அது. மூடி தட்டையாக இருந்து, வாடையும் இல்லையென்றால் கெடுதல் இல்லை.

10. வயிற்றைப் பழக்குங்கள்

ஒரு டின் பயறில் 16 முதல் 18 கிராம் புரதமும், ஏறக்குறைய 15 கிராம் நார்ச்சத்தும் உண்டு. புரதத்தைப் பார்த்து மகிழ்ந்து முதல் நாளே முழு டின்னையும் சாப்பிட்டால், அந்த நார்ச்சத்து இரவெல்லாம் வயிற்றுக்குள் ஊர்வலம் போகும். நார்ச்சத்துக்குப் பழகாதவர்கள் முதல் வாரம் கால் கப் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் அரை கப், கூடவே தண்ணீர். இரண்டு மூன்று வாரத்தில் குடல் பழகிவிடும்.

சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை வழக்கமாக்க வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு உப்பில்லாத டின்னாகப் பார்த்து, மசித்துக் கொடுங்கள். முழுப் பயறு தொண்டையில் சிக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு வெறும் பயறு நல்லதே, ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும். சாஸ் டின்னைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

11. தவறிப்போய்ச் சாஸ் டின்னை வாங்கிவிட்டால்

மீதியிருந்த பதினொன்றையும் என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. முதலில் அலசிப் பார்த்தேன். சாஸ் போனாலும் தித்திப்பு பயறுக்குள் இறங்கிவிட்டிருந்தது. பிறகு பிடிபட்ட வழி இது. ஒரு பெரிய வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகும் வரை வதக்குங்கள். பூண்டும் மிளகாய்த்தூளும் தாராளமாகப் போட்டு, ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் ஊற்றிச் சுண்டவிடுங்கள். அதில் சாஸ் டின்னைக் கவிழ்த்து ஐந்து நிமிடம். உப்பு போடவே வேண்டாம், அதிலேயே இருக்கிறது. காரமும் புளிப்பும் ஏறியதும் தித்திப்பு பின்னால் போய்விடும், ரொட்டிக்கு நன்றாகவே இருக்கும். பதினொன்றையும் தீர்க்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. கடைசி இரண்டை விருந்தாளிகள் வந்த அன்று இப்படிச் செய்து வைத்தேன். எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள்.